வினாத்தாளில் இல்லாத உடல்: முற்றிய புற்றுநோயும் பெண்களின் தோற்றவுணர்வும்

புற்றுநோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படும் ஐரோப்பிய வினாத்தாள் 1993இல் வெளியானது. அதன் 30 வினாக்களில் தோற்றவுணர்வுக்கு, அதாவது தன் உடல்தோற்றத்தை ஒருவர் எப்படி உணர்கிறார் என்பதற்கு, இடமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கென 1996இல் வந்த 23 வினாக்கள் கொண்ட துணைத்தாள்தான் நான்கு வினாக்களால் அக்குறையைச் சரிசெய்தது. வலிதணிப்புச் சிகிச்சை பெறுவோருக்காக மூலத்தாளை 2006இல் 15 வினாக்களாகச் சுருக்கியபோது குறை அப்படியே தொடர்ந்தது. மூச்சுத்திணறல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் கேட்கப்படுகின்றன. தன் உடலைப் பார்க்க ஒரு பெண்ணுக்கு மனம் வருகிறதா என்பது மட்டும் கேட்கப்படுவதில்லை. நோய் முற்றியபின் தோற்றம் ஒரு பொருட்டல்ல என்ற எண்ணம் இவ்வாறு அளவுகோல் வழியாகவே சிகிச்சைக்குள் வந்துவிடுகிறது. அது தவறான எண்ணம் என்பதே என் வாதம்.

சுருக்கியதற்கு நியாயம் உண்டு. களைத்துக் கிடப்பவரிடம் நீண்ட வினாத்தாளை நீட்டுவது கொடுமை. ஆனால் எதை விடலாம் என்று தீர்மானிக்கும்போது, நோயாளியின் நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்த்தாக வேண்டும். அக்குளில் நிணநீர்க் கணுக்கள் அகற்றப்பட்ட, அல்லது நோயால் அடைபட்ட பெண்ணுக்குக் கை வீங்குவதுண்டு. ரவிக்கையின் ஒரு கை நுழையாது. தையலைப் பிரித்து, ஊக்கு குத்தி, முந்தானையால் மூடிக்கொள்கிறார். வளையல் ஏறாது. வயிற்றில் நீர் கோத்தவருக்குக் கொசுவம் நிற்காது. ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பும்போது, விவரம் தெரியாத உறவினர் ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறார்கள். இவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு பெண் கல்யாணத்துக்குப் போவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்பதைத் தீர்மானிக்கின்றன.

எல்லாவற்றிலும் கொடியது தோலைப் பிளந்து வெளிவரும் கட்டியின் வாடை. அழுகும் திசுவில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களே அதற்குப் பெரும்பாலும் காரணம். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் வாடை வெகுவாக அடங்கும். விலையும் மிகக் குறைவு. வாடைக்கு அஞ்சிப் பேரக்குழந்தையைக்கூட மடியில் வைக்காமல் ஒதுங்கியிருக்கும் பெண்ணுக்கு இந்தப் பொடி, வலிமருந்துக்கு இணையான சிகிச்சை. யாரும் கேட்காவிட்டால் அவராக வாய்திறந்து சொல்வது அரிது. கூச்சம் அப்படி.

தோற்றவுணர்வைக் கேட்கத் தனி அளவுகோல் இல்லாமல் இல்லை. 2001இல் ஹாப்வுட்டும் சக ஆய்வாளர்களும் பத்து வினாக்கள் கொண்ட தோற்றவுணர்வு அளவுகோலைத் தந்தனர். ஆய்வுலகுக்கு அது பெரும் கொடை. ஆயினும் தழும்பு, கவர்ச்சி, பெண்மை என்று அதில் கேட்கப்படுபவை பெரும்பாலும் சிகிச்சையைக் கடந்து வந்த உடலுக்குப் பொருந்துபவை. முற்றிய நோயில் உடல் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. பழகிக்கொள்ள நிலையான தோற்றம் என்று ஒன்று கிடைப்பதில்லை. ‘நான் அழகாக இருக்கிறேனா’ என்பதைவிட, ‘என்னைப் பார்ப்பவர் நோயைத்தான் பார்க்கிறாரா’ என்பதே இங்கு வலிக்கும் கேள்வி.

ஆகவே புதிதாக ஒரு நீண்ட வினாத்தாள் தேவையில்லை. வலியை ஒவ்வொரு வருகையிலும் கேட்பதுபோல, ‘உடம்பில் வந்த மாற்றங்களில் எது உங்களை மற்றவர்களிடமிருந்து ஒதுங்கவைக்கிறது?’ என்று செவிலியர் கேட்கலாம். புண்ணுக்குக் கட்டு மாற்றும் நேரம் இதற்குப் பொருத்தமானது; உறவினரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். கிடைக்கும் பதில், வலியின் எண்ணை எழுதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். எழுதப்பட்டால்தான் அடுத்த முறை வருபவர் அந்த வாடை அடங்கியதா, அந்த ரவிக்கை தைக்கப்பட்டதா என்று விசாரிப்பார்.