1960 மார்கழியும் எமது கல்லூரியும்

நூறாண்டு மலரில் 1960 மார்கழியைத் தவிர்க்க முடியாது. அதுவரை எமது கல்லூரி அரச உதவி பெறும் பாடசாலை. ஆசிரியர் சம்பளம் அரசினது, நிருவாகம் அருட்சகோதரிகளுடையது. ஞானோபதேச வேளையில் சைவப் பிள்ளைகள் நூலகத்தில் இருப்பார்கள். நமக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமைதான்.

அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை அரசிடம் கொடுத்தது. எல்லோரது வரிப்பணத்தில் நடக்கும் பாடசாலை ஒரு சமயத்தாரின் கையில் இருப்பதா என்பது அரசின் கேள்வி. அதில் நியாயமே இல்லை என்று இன்று நாம் சொல்லமாட்டோம். பிள்ளையின் கல்வியைத் தெரிவு செய்வது பெற்றோரின் உரிமை என்றனர் ஆயர்கள். பல ஊர்களில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கிக் காவலிருந்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து பேசிய பின்னர், 1961 தையில் அது ஓய்ந்தது.

மேல்தரப் பாடசாலைகள் விரும்பினால் தனியார் பாடசாலைகளாக நிற்கலாம். ஆனால் அரச பணம் கிடையாது. மாணவரிடம் கட்டணமும் அறவிடக்கூடாது. எமது கல்லூரி அப்படியே நின்றது. ஆசிரியைகள் குறைந்த சம்பளத்துக்குப் படிப்பித்தனர். களியாட்ட விழாவுக்கு நாம் வீடு வீடாக அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றோம். சைவத் தாய்மாரும் எங்களோடு வந்தனர். இக்கல்லூரியைத் தெரிந்தெடுத்தவர்கள் அவர்களுந்தானே.

கோவிலடிச் சிறு பாடசாலைகளில் படித்த எங்கள் தங்கைமாரின் பெற்றோரிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. விடுமுறை முடிந்து போனபோது பெயர்ப்பலகை மாறியிருந்தது.