இராவண காவியம்

இராவண காவியம் என்பது புலவர் குழந்தை (1906–1972) இயற்றி, 1946 ஆம் ஆண்டில் வெளிவந்த தமிழ்ச் செய்யுட் காப்பியம் ஆகும். இராமாயணத்தில் பகைவனாக வரும் இராவணனைத் தலைவனாகக் கொண்டு, அவனுடைய பிறப்பு, நாடு, ஆட்சி, வீழ்ச்சி ஆகியவற்றை இந்நூல் புதிதாகக் கூறுகிறது. 1948 இல் சென்னை மாகாண அரசு இந்நூலுக்குத் தடை விதித்தது. அத்தடை 1971 இல் நீக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்களுள் வாசகரிடையே கடுமையான கருத்துப்பிளவை உண்டாக்கியவற்றுள் இதுவும் ஒன்று.

நூலாசிரியர்

புலவர் குழந்தை இன்றைய ஈரோடு மாவட்டத்தில் உள்ள ஓலவலசு என்னும் ஊரில் பிறந்தார். தமிழாசிரியராகப் பணியாற்றினார். திராவிட இயக்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்த இவர் இலக்கண அறிஞரும் ஆவார். யாப்பதிகாரம், தொடையதிகாரம் ஆகிய நூல்களை எழுதினார். பெரியாரின் வேண்டுகோளுக்கு இணங்கித் திருக்குறளுக்கு 25 நாட்களில் உரை எழுதினார். பழைய யாப்பு முறையில் ஆழ்ந்த பயிற்சியும், பழைய கதைகளின் கருத்தோடு உடன்படாத மனமும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்தமையே இக்காப்பியத்தின் தனித்தன்மைக்குக் காரணம் எனலாம்.

பின்னணி

தமிழ் மரபில் இராவணன் முற்றிலும் வெறுக்கப்பட்டவன் அல்லன். தேவாரத்தில் அவன் கயிலை மலையைப் பெயர்க்க முயன்று நெரிபட்டு, பின்னர் இசை பாடிச் சிவனருள் பெற்றவனாகப் பேசப்படுகிறான். திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் பாடலில் இச்செய்தியைக் குறிப்பிடுகிறார். கம்பரும் இராவணனின் வீரத்தையும் இசைப் புலமையையும் பெருமிதத்தையும் குறைக்காமல் பாடியுள்ளார்.

இராவணனின் பிறப்பு வரலாறு வடமொழி இராமாயணத்தின் உத்தர காண்டத்தில் விரிவாக இடம்பெறுகிறது. அதன்படி அவன் புலத்திய முனிவரின் பேரன். தந்தை விச்சிரவசு முனிவர். தாய் அரக்கர் குலத்துக் கேகசி. கம்பர் பட்டாபிடேகத்தோடு தம் நூலை முடித்துவிட்டார். தமிழ் உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் வழங்குகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இராமாயணம் ஆரியர்–திராவிடர் போராட்டத்தின் கதை என்னும் விளக்கம் தமிழகத்தில் பரவியது. பெரியாரின் 'இராமாயணப் பாத்திரங்கள்' 1930 இல் வெளிவந்தது. 1943 இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பது குறித்து இரு சொற்போர்கள் நிகழ்ந்தன. சென்னை சட்டக் கல்லூரியில் கா. ந. அண்ணாதுரையும் ரா. பி. சேதுப்பிள்ளையும், சேலத்தில் அண்ணாதுரையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் வாதிட்டனர். அண்ணாதுரையின் உரைகள் 'தீ பரவட்டும்' என்னும் பெயரில் நூலாயின. மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்த இராவண காவியம் இந்த விவாதத்திற்கு வேறொரு வகையில் விடை கூறியது. பழைய காப்பியத்தை அழிப்பதற்கு மாறாக, அதற்கு எதிராக மற்றொரு காப்பியத்தை அது முன்வைத்தது.

நூல் அமைப்பு

இந்நூல் 5 காண்டங்களையும் 57 படலங்களையும் 3100 பாடல்களையும் கொண்டது. காண்டங்கள் பின்வருமாறு:

1. தமிழகக் காண்டம்
2. இலங்கைக் காண்டம்
3. விந்தக் காண்டம்
4. பழிபுரி காண்டம்
5. போர்க் காண்டம்

நாட்டு வருணனை, நகர வருணனை, படலப் பகுப்பு, விருத்தப்பா முதலிய மரபுக் கூறுகள் அனைத்தும் இதில் பின்பற்றப்பட்டுள்ளன. மொழிநடை தனித்தமிழ் சார்ந்தது. ஆயினும் நூற்பெயரில் உள்ள 'காவியம்' வடமொழி வழிச் சொல்லாகும். அண்ணாதுரை இந்நூலுக்கு விரிவான முன்னுரை எழுதினார்.

கதையும் மாற்றங்களும்

நிகழ்ச்சிகளின் போக்கு பெரிதும் இராமாயணத்தையே ஒட்டியது. அவற்றின் காரணங்களே மாற்றப்பட்டுள்ளன. குறிப்பிடத்தக்க மாற்றங்கள்:

* இராவணன் முனிவர் குலத்தவனாகவோ அரக்கனாகவோ காட்டப்படவில்லை. தமிழ் அரசனாகக் காட்டப்படுகிறான். கடல் கொண்டதாகக் கருதப்படும் குமரி நிலத்தையும் உள்ளடக்கிய பழந்தமிழகத்தின் வரலாற்றோடு அவனுடைய வரலாறு தொடங்குகிறது.
* அவன் மனைவி வண்டார்குழலி என்றும், தங்கை காமவல்லி என்றும் அழைக்கப்படுகின்றனர். இவர்கள் முறையே மண்டோதரி, சூர்ப்பனகை ஆகியோருக்கு ஈடான பாத்திரங்கள்.
* வடக்கிலிருந்து வந்தோர் உயிர்ப்பலியுடன் செய்யும் வேள்விகளைத் தமிழர் தடுப்பதே பகைக்கு மூலமாகிறது.
* சீதையை இராவணன் கொண்டு செல்வது காமத்தால் அன்று, தன் குலத்தார்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு எதிர்வினையாகவே நிகழ்கிறது.
* வீடணனின் செயல் அறத்தின்பாற்பட்டதாகக் கொள்ளப்படாமல் நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகக் கொள்ளப்படுகிறது.

தடை

1948 இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான காங்கிரசு அரசு இந்நூலைத் தடை செய்தது. இதனால் 23 ஆண்டுகள் நூல் வெளிப்படையாகக் கிடைக்கவில்லை. மு. கருணாநிதி தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழக அரசு 1971 இல் தடையை நீக்கியது. நூலாசிரியர் மறைவதற்கு முந்தைய ஆண்டில் இது நிகழ்ந்தது.

தடையின் விளைவு இருவகைப்பட்டது. நூலைப் படியாதவரிடத்தும் அது ஓர் அரசியல் அடையாளமாகப் புகழ் பெற்றது. மறுபுறம், அதனை ஒரு காப்பியமாகப் படித்து, அதன் சிறப்பையும் குறையையும் எடைபோடும் வாய்ப்பு ஒரு தலைமுறை வாசகர்க்குக் கிடைக்காமற் போயிற்று.

வாசகர் கருத்துப்பிளவு

ஆதரவுக் கருத்துகள்

வெற்றி பெற்றவர் பக்கத்திலிருந்தே கூறப்பட்டு வந்த கதையைத் தோற்றவர் பக்கத்திலிருந்து கூறியது இந்நூலின் தலையாய சிறப்பு என ஆதரவாளர் கருதுகின்றனர். தமிழரைக் குரங்காகவும் அரக்கராகவும் இழித்துக் கூறிய கதைக்கு இது மறுமொழி என்பது திராவிட இயக்கத்தாரின் நிலைப்பாடு. ஐந்திணை வருணனைகளும் சொல்லாட்சியும் இயக்கத்திற்கு வெளியேயும் பாராட்டப்பட்டன.

எதிர்ப்புக் கருத்துகள்

இராமனைத் தெய்வமாக வழிபடுவோர்க்கு இந்நூல் சமய உணர்வைப் புண்படுத்துவதாகத் தோன்றியது. வேறு சிலர் மூலநூலின் சான்றைக் காட்டி மறுத்தனர். புராணப்படி இராவணன் புலத்தியர் வழிவந்தவன், வேதம் ஓதியவன். அவனைத் திராவிடத் தலைவனாக்குவது எவ்வாறு பொருந்தும் என்பது அவர்கள் வினா. இக்காரணத்தினாலேயே, பிறப்பு வரலாற்றை முழுதும் மாற்றி அமைப்பது நூலாசிரியர்க்கு இன்றியமையாததாயிற்று.

இடைப்பட்ட கருத்துகள்

செய்யுளை ஏற்றுக் கருத்தை ஏற்காதோரும் உண்டு. பள்ளி மாணவர்க்கான தமிழ் உரைநூல்களால் அறியப்பட்ட ஐயன்பெருமாள் கோனார், கம்பனே மீண்டும் வந்து பாடியது போன்றது இந்நூல் என்றும், கருத்து மட்டுமே வேறுபட்டது என்றும் பாராட்டினார்.

இலக்கிய நோக்கில் எழும் மற்றொரு வினா, குற்றமற்ற தலைவனாக்கப்பட்ட இராவணன் கம்பனின் இராவணனை விடச் சுவை மிக்க பாத்திரமா என்பதாகும். கம்பனின் இராவணன் தன் பெருமையாலும் தன் பிழையாலும் அழிகிறான். குழந்தையின் இராவணன் பிறர் வஞ்சத்தால் அழிகிறான். முன்னதில் அவலம் மிகுதி, பின்னதில் நீதிக்கான சினம் மிகுதி எனலாம்.

மேடையிலும் திரையிலும்

* 'நீதிதேவன் மயக்கம்': அண்ணாதுரை எழுதிய நாடகம். இராவணன் தன் வழக்கை மறுவிசாரணைக்குக் கொண்டுவருகிறான். கம்பரும் அதில் ஒரு பாத்திரமாக வருகிறார்.
* எம். ஆர். இராதாவின் இராமாயண நாடகம் (1954): கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அதே ஆண்டில் நாடகங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013 இல் செல்லாது என்றது.
* 'இலங்கேசுவரன்': ஆர். எசு. மனோகரின் நாடகம். இராவணனைச் சிவபக்தனாகவும் சீதையின் தந்தையாகவும் காட்டியது. சீதையை இராவணன் மகளாகக் கூறும் வழக்கு சமண இராமாயணங்களிலும் காணப்படுகிறது.
* 'சம்பூர்ண ராமாயணம்' (1958): டி. கே. பகவதி இராவணனாக நடித்த இத்திரைப்படம் மூலக்கதையை மாற்றாமலே இராவணனைக் கலைஞனாகவும் மதிப்புக்குரியவனாகவும் காட்டியது.
* 'ராவணன்' (2010), 'காலா' (2018): இராவணன் உருவகத்தை இக்காலக் கதைகளில் பயன்படுத்திய திரைப்படங்கள். முன்னதை மணிரத்னமும் பின்னதைப் பா. ரஞ்சித்தும் இயக்கினர்.

1974 திசம்பர் 25 அன்று மணியம்மையார் தலைமையில் சென்னைப் பெரியார் திடலில் 'இராவண லீலா' நடத்தப்பட்டு, இராமன் முதலியோரின் உருவங்கள் எரிக்கப்பட்டன. இது மறுகூறலைக் கடந்த நேரடி அரசியல் எதிர்ப்பாகும்.

இலங்கையில்

இலங்கையில் இராவணனை உரிமை கொள்வோர் இரு சாராரும் ஆவர். தமிழர் அவனைச் சிவபக்தனான அரசனாகக் கொள்கின்றனர். திருக்கோணேச்சரத்தில் உள்ள மலைப்பிளவு 'இராவணன் வெட்டு' எனப்படுகிறது. கன்னியா வெந்நீரூற்றுகள் தன் தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பது வாய்மொழி வழக்கு. சிங்களவரிடையேயும் அவனைப் பண்டைய சிங்கள மன்னனாகப் போற்றும் போக்கு அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ளது. 2019 இல் விண்ணில் செலுத்தப்பட்ட இலங்கையின் முதல் செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' எனப் பெயரிடப்பட்டது.

ஒப்புநோக்கு

வங்காளத்தில் மைக்கேல் மதுசூதன தத்தர் 1861 இல் வெளியிட்ட 'மேகநாதவதக் காவியம்' இராவணன் பக்கம் நின்று அவன் மகனின் மரணத்தைப் பாடியது. இளமையில் அதனைக் கடுமையாகக் குறைகூறிய இரவீந்திரநாத் தாகூர் பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

படக்கதைகளிலும் இத்தகைய மறுகூறல்கள் உண்டு. விசயேந்திர மொகந்தி எழுதி விவேக் கோயல் வரைந்த 'ராவணாயன்' என்னும் ஆங்கிலப் படக்கதைத் தொடர் 2011 இல் தொடங்கியது. அமெரிக்கப் படக்கதைகளில் பேட்மேனின் பகைவனான சோக்கரின் முற்கதையைக் கூறும் 'த கில்லிங் சோக்' (1988) குறிப்பிடத்தக்கது. ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைந்த அந்நூலில், சோக்கர் பிழைப்பில் தோற்று, கருவுற்ற மனைவியையும் இழந்த எளிய மனிதனாகக் காட்டப்படுகிறான். கொடியவனுக்குக் காரணம் கற்பிப்பது அவனை ஆழமாக்குகிறது என்று ஒரு சாராரும், அவன்பால் இருந்த அச்சத்தைக் குறைக்கிறது என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். கதையில் பார்பரா கோர்டன் என்னும் பெண் பாத்திரம் நடத்தப்பட்ட விதமும் கண்டிக்கப்பட்டது.

இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. சோக்கர் கற்பனைப் பாத்திரம். அவனுடைய முற்கதையை ஏற்பதும் மறுப்பதும் வாசகரின் சுவையைப் பொறுத்தது. இராவணனோ ஒருவர்க்குக் கடவுளின் பகைவன், மற்றொருவர்க்குத் தம் முன்னோன். எனவே அவன் பிறப்பை மாற்றிக் கூறுவது சமயம், இனம், மொழி ஆகிய மூன்றையும் தொடும் செயலாகிவிடுகிறது. இக்காரணத்தாலேயே இராவண காவியத்தைப் பற்றிய கருத்துவேறுபாடு சட்டத் தடை வரை சென்றது.

இன்றைய நிலை

புலவர் குழந்தையின் நூல்கள் தமிழக அரசால் நாட்டுடைமையாக்கப்பட்டுள்ளன. இராவண காவியத்தின் ஒரு பகுதி தமிழ்நாடு அரசின் 2018 ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது. பாடமாக வைக்கப்பட்டவை ஐந்திணை நிலங்களைப் பாடும் செய்யுட்கள். கருத்துப்பிளவுக்குக் காரணமான போர் நிகழ்ச்சிகள் அவற்றுள் இல்லை. ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட நூலுக்கு அதன் இயற்கை வருணனை வழியாகவே பொது ஏற்பு கிடைத்துள்ளது எனலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* புலவர் குழந்தை
* கம்பராமாயணம்
* உத்தர காண்டம்
* இராமாயணப் பாத்திரங்கள்
* தீ பரவட்டும்
* தனித்தமிழ் இயக்கம்