புதுச்சேரியிலிருந்து புதுச்சேரிக்கு

2017 ஜூன் மாதம் எங்கள் அலுவலகத்தில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வருகிறது. அதற்குள் பில்லிங் மென்பொருளை மாற்றியாக வேண்டும். நான் எழுதிய நிரல் லாரி போகும் வழியைப் பார்த்து வரியை முடிவு செய்தது. வழியில் வேறு மாநிலம் குறுக்கிட்டால் ஐஜிஎஸ்டி. வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது, முப்பது வருடம் லாரி ஓட்டிய மாமா கேட்டார்: "நம்ம ஊர்லருந்து மாஹேவுக்கு லோடு போனா என்ன வரி போடுவ மாப்ள?"

என் நிரல் ஐஜிஎஸ்டி என்றது. தப்பு. புதுச்சேரியும் மாஹேவும் ஒரே ஆட்சிப்பகுதி. நடுவில் தமிழ்நாடும் கேரளமுமாக அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது உள்ளூர் வியாபாரம்தான்.

விழுப்புரம் சாலையில் போயிருப்பவர்களுக்கு எங்கள் ஊர் எல்லையின் லட்சணம் தெரியும். வில்லியனூர் தாண்டினால் கண்டமங்கலம், தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் திருபுவனை, மறுபடி புதுச்சேரி. மதகடிப்பட்டு முடிந்ததும் மறுபடி தமிழ்நாடு. மாஹேவுக்குப் போகும் லாரி முதல் முப்பது கிலோமீட்டருக்குள்ளேயே மூன்று எல்லையைக் கடந்துவிடும். அப்புறம் வாளையார் ஒன்று, மாஹே வாசலில் ஒன்று.

இதை யார் வரைந்தார்கள் என்று கேட்டால், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் கம்பெனி 1720களில் மாஹேவில் காலூன்றியது மிளகுக்காக. ஏனாமுக்குப் போனது துணிக்காக. காரைக்கால் 1739இல் வந்தது. இவற்றைச் சேர்த்துக் கட்டியது கப்பல். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் கப்பல் வரவும் போக்கும் வந்துகொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் நிலம் யாருடையது என்பது சரக்குக்குப் பெரிய விஷயமாக இல்லை. 1814 பாரிஸ் உடன்படிக்கையில், 1792 ஜனவரி 1 அன்று பிரான்ஸ் வசம் இருந்தவற்றைத் திருப்பித் தருவதாக ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். கிராமம் கிராமமாக, துண்டு துண்டாக அப்படியே திரும்பி வந்தது. லாரி என்ற ஒன்று வரப்போகிறது என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

லாரி வந்த பிறகு இந்த எல்லை இறுகியது. 1941இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒப்பந்தம் செய்துகொண்டன. 1949இல் சுதந்திர இந்தியா அதை முடித்துக்கொண்டதும், புதுச்சேரியைச் சுற்றி வெளிநாட்டு எல்லைக்குரிய சுங்கக் காவல் வந்தது. துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுச் சாமான்கள், தங்கம், வைரம், கைக்கடிகாரம் எல்லாம் வயல்வரப்பு வழியாக இந்தியாவுக்குள் கசிந்தன. எதிர்த்திசையில் அரிசியும் பெட்ரோலும் வர வேண்டியிருந்தது. 1954இல் இணைப்புப் போராட்டம் உச்சத்துக்குப் போனபோது இந்தியா அந்தக் குழாயை இறுக்கியது. தேசிய இயக்க வரலாறுகளில் இது ஒரு வரியாகக் கடந்துபோகும். எல்லையின் தப்பான பக்கத்தில் வண்டியோடு நின்றவனுக்கு அது ஒரு வரி அல்ல. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழு இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்.

சுங்கக் காவல் போனது. அந்த இடத்துக்கு விற்பனை வரி வந்தது. 1956 மத்திய விற்பனை வரிச் சட்டத்தில் ஒரு விளக்கக் குறிப்பு உண்டு: சரக்கு ஒரே மாநிலத்தில் புறப்பட்டு அதே மாநிலத்தில் முடிந்தால், நடுவில் வேறு மாநிலத்தைக் கடந்தது என்பதற்காகவே அதை வெளிமாநில வியாபாரமாகக் கருதக்கூடாது. எங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும். ஆனால் குறிப்பு சட்டப் புத்தகத்தில் இருந்தது. செக்போஸ்ட் சாலையில் இருந்தது. கடந்துபோகும் மாநிலத்தில் டிரான்சிட் பாஸ் வாங்க வேண்டும், வெளியேறும் இடத்தில் அதை ஒப்படைக்க வேண்டும். தவறினால் சரக்கை வழியிலேயே விற்றுவிட்டதாகக் கணக்கு.

1989இல் மாமா பைப் லோடு ஏற்றிக்கொண்டு மாஹே போனார். ஒரு செக்போஸ்ட்டில் பில்லைப் பார்த்த அதிகாரி, அனுப்புபவர் புதுச்சேரி, பெறுபவரும் புதுச்சேரி என்றிருந்ததைக் கண்டு சிரித்தாராம். "பாண்டிச்சேரிக்குப் போறவன் இங்க எதுக்குய்யா வந்த?" போலி பில் என்று வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். கம்பெனியிலிருந்து தந்தி வந்து சேர இரண்டு ராத்திரி. தார்பாய்க்கு அடியில் படுத்துக் கிடந்தார். திரும்பும்போது பேசி வைத்திருந்த லோடும் கைவிட்டுப் போனது. வீட்டில் அம்மாவுக்கு வளைகாப்பு. தாய்மாமனாகப் போகிறவர் இல்லாமலே நடந்தது. அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார். மாமா பதில் பேசமாட்டார். வயிற்றில் இருந்தது நான்.

மறுநாள் அலுவலகம் போய் நிரலிலிருந்து வழி என்ற சமாசாரத்தையே தூக்கினேன். விற்பவரின் மாநில எண், சரக்கு சேரும் இடத்தின் மாநில எண் இரண்டையும் பார்த்தால் போதும். புதுச்சேரி 34, மாஹேவும் 34, எண்ணூறு கிலோமீட்டர் அளவில் தள்ளி ஆந்திரக் கரையில் இருக்கும் ஏனாமும் 34. முந்நூறு வருடக் குழப்பம் நான்கு வரி நிரலில் அடங்கியது. அடங்கியது என்று நினைத்தேன்.

வாளையாரில் கிலோமீட்டர் கணக்கில் நின்ற வரிசை ஜிஎஸ்டி வந்ததும் குறைந்தது உண்மை. செக்போஸ்ட் இப்போது இ-வே பில்லாகச் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். மாஹே லோடுக்கு நான்கு நாள் கிடைக்கும். வண்டி நடுவழியில் படுத்துவிட்டால் பில்லை நீட்டிக்க அலைய வேண்டும்.

டீசல், பெட்ரோல், மது மூன்றும் ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கின்றன. 2024இல் திறந்த தலசேரி-மாஹே புறவழிச்சாலையில் போன வருடம் போனேன். கேரளத்தைவிட மாஹேவில் டீசல் விலை குறைவு. பங்க் வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. படம் எடுத்து மாமாவுக்கு அனுப்பினேன்.

"நம்ம ஊரு வண்டி ஏதாவது நிக்குதா, நம்பர் பிளேட்டப் பாரு" என்று பதில் வந்தது.