கொச்சி யூதர்களின் வழிபாட்டுக்குப் பயணிகள் ஏன் தேவை?

என்ன விதி?
யூத மரபுப்படி முழுமையான கூட்டு வழிபாட்டுக்கு, 13 வயது நிறைந்த ஆண்கள் 10 பேராவது வேண்டும். இதுதான் 'மின்யான்'.

கொச்சியில் என்ன சிக்கல்?
யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் வட்டெழுத்துச் செப்பேட்டில் உரிமைகள் தந்து சுமார் 1,000 வருஷம் ஆச்சு. 1948-ல் இஸ்ரேல் உருவான பிறகு, கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் அங்கே குடியேறிட்டாங்க. மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு, அந்தத் தெருவில் இப்போ 10 பேர் இல்லை.

யார் நிரப்புறாங்க?
வெளியிலிருந்து வரும் யூதப் பயணிகள்.

நீங்க போறீங்களா?
நாகர்கோவிலில் ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியா எர்ணாகுளம் போகலாம். சனிக்கிழமை வேண்டாம், அது யூதர்களின் ஓய்வுநாள், பார்வையாளருக்கு அனுமதி இல்லை.