பேழைக்குள் இருந்த தந்தை

குடும்ப வரலாறு தேடுவோர்க்குப் பெரும்பாலும் கிடைப்பவை பெயரும் ஆண்டும் மட்டுமே. முன்னோரின் குணத்தை எந்தப் பதிவேடும் எழுதி வைப்பதில்லை. விதிவிலக்காக நமக்கு வாய்த்திருப்பது முன்ஷி அப்துல்லாவின் ‘ஹிகாயத் அப்துல்லா’. 1843இல் எழுதி முடிக்கப்பட்டு, 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சேறிய இந்த மலாய் நூலை நாம் தன்வரலாறு என்றே கற்பிக்கிறோம். அதன் தொடக்கப் பகுதியோ ஒரு குடும்பச் சுவடி. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து தமிழ்ப்பெண்ணை மணந்த கொள்ளுப்பாட்டனார், அவர் வழியில் மலாக்காவுக்கு வந்த குடும்பம் என்று அது விரிகிறது.

அக்குடும்பத்தின் விந்தை மனிதர் அப்துல்லாவின் தந்தை ஷேக் அப்துல் காதிர். அவரைப் பற்றிய மிகச் சிறந்த சான்றை மகன் கண்டெடுத்தது தந்தையின் தாள்கள் இருந்த பேழையில். அது ஆங்கிலத்தில் இருந்தமையால் பாதிரியார் ஒருவரிடம் காட்டிப் பொருள் அறிந்தார். தமக்கு மலாய் கற்பித்ததற்காக மார்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர் அளித்த நற்சான்று அது. 1812இல் மலாய் இலக்கணமும் அகராதியும் வெளியிட்ட அதே மார்ஸ்டன். தந்தை தம் பெருமையைத் தம் வாயால் மகனிடம் சொல்லவில்லை போலும், தாளே சொல்லிற்று.

அவரது கண்டிப்பு அண்டை அயலாரும் அறிந்ததாகவே இருந்திருக்க வேண்டும். மகன் எழுத்தில் பிழை கண்டால் பொறுக்கமாட்டார். புகழ்ந்து ஒரு சொல் சொல்லவும் மாட்டார். ஒருமுறை அவர் வீட்டில் இல்லாதபோது மரக்கலத் தலைவர் ஒருவர் கடன்பத்திரம் எழுதுவிக்க வந்தார். சிறுவனே எழுதிக் கொடுத்தான். திரும்பி வந்த தந்தை அவன் முன்னிலையில் மகிழ்ச்சியைக் காட்டிக்கொள்ளவில்லை. பின்னர் மனைவியிடம் தனியே மனம் திறந்ததை நூல் காட்டுகிறது. பிரம்பை மட்டும் எண்ணிப் பார்க்கும் வாசகர் இந்த இடத்தைக் கடந்து சென்றுவிடுவர். நாமும் முதல் வாசிப்பில் கடந்து சென்றோம்.

அவரே மகனைத் தமிழாசிரியர் ஒருவரிடம் அனுப்பினார். மலாக்காவின் வசதி படைத்த குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், வணிகக் கணக்குக்கு அது வேண்டியிருந்தது என்றும் அப்துல்லா காரணம் கூறுகிறார். இரண்டரை ஆண்டுகள் கற்றார். நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை எனப் போற்றப்படுபவரின் கல்வியில் தமிழுக்கு இருந்த இடம் நம் வகுப்பறைகளில் எத்தனை முறை சொல்லப்படுகிறது?

இத்தனை கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடினால் தந்தையின் தாயிடம் சென்று சேர்கிறோம். கம்போங் பாலியில் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இது சிறு செய்தியன்று. குடும்பத்தின் உண்மையான விந்தை மனிதர் இவர்தாமோ என்றுகூட நமக்குத் தோன்றுவதுண்டு.

அவர் பெயர் ‘பெரி ஆச்சி’ என்று வாசிக்கப்படுகிறது. ஜாவி எழுத்தில் குற்றுயிர்கள் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. ஆகவே வாசிப்பு மாறக்கூடும். ஆயினும் இது ‘பெரியாச்சி’ என்பதே எம் துணிபு. அதாவது பேரன் பதிந்து வைத்தது பாட்டியின் இயற்பெயரை அன்று, வீட்டார் அவரை அழைத்த தமிழ் உறவுமுறைச் சொல்லை.