பாசி எழுதிவைத்த ஈயக் கணக்கு

வேரின்றி, மழையும் தூசியும் கொணர்ந்து சேர்ப்பதையே பெரும்பாலும் ஆகாரமாகக் கொண்டு, மெல்லிய இலைகளின் பரப்பெங்கும் அவற்றை உறிஞ்சி வாழும் பாசியானது, காற்றின் குணதோஷங்களைத் தன் சரீரத்திலேயே சேமித்துவைக்கிறது. இந்தச் சுபாவத்தைச் சரித்திரச் சான்றாக்கியவர்கள், சுவீடனின் லுண்ட் நகரத்துத் தாவர சாஸ்திரிகளான ஓகே ரூலிங், கெர்முண்ட் டைலர் ஆகிய இருவர். 1860 முதல் தாவரவியலார் சேகரித்து உலர்த்திவைத்திருந்த பாசிகளைப் பரிசோதித்து அவர்கள் 1968இல் வெளியிட்ட முடிவின்படி, ஆதியில் பத்து லட்சத்தில் சுமார் 20 பங்காக இருந்த ஈயம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நிலக்கரிப் புகையால் ஒருமுறையும், 1950க்குப் பின் ஈயங்கலந்த பெட்ரோலால் மறுமுறையும் உயர்ந்து, 80ஐ எட்டியிருந்தது.

அவர்கள் வகுத்த மார்க்கம் ஐரோப்பாவெங்கும் பரவி, 1990 முதல் ஐந்தாண்டுக்கொருமுறை பல தேசங்களில் பாசி திரட்டப்படலாயிற்று. ஆயினும், அளவீட்டைப் பாதிக்கக்கூடியவாறு, ஒரே பாயாக விரிந்து தோன்றும் பாசிப்பரப்பிலும் வெவ்வேறு பரம்பரைக் குணமுடைய செடிகள் கலந்திருத்தல் கூடும். உலோகச் சுரங்கங்களின் அருகே விஷத்தைச் சகிக்கும் வம்சங்களும் உண்டு. ஓரிடத்தின் பல திட்டுகளிலிருந்து கிள்ளியெடுத்தவற்றை ஒன்றாகக் கலந்து அளக்கும் வழக்கம், இத்தகைய பேதங்களையும் ஓரளவு சமன்செய்கிறது. ஈயப் பெட்ரோல் விலக்கப்பட்டபின், அதே பாசிகளில் ஈயம் வெகுவாகக் குறைந்ததையும் இந்த ஆய்வுகளே நிரூபித்தன.