புறப்படுமுன் ஒரு சோதனை

மலைநாட்டில் பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலை, அட்டன் ஆகிய நகரங்களைக் கடந்து நோட்டன் பிரிட்ஜை அடையும் வழிப்போக்கர், வரிசையாக எழுந்து நிற்கும் சிகரங்களைக் காண்பர். ஏழு கன்னியர் மலை என்பது அத்தொடரின் பெயர். 1974ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் நாள் இரவு, இம்மலையில் ஆகாய விமானமொன்று மோதி நொறுங்கியது. ஒல்லாந்து தேசத்து மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டி.சி.8 விமானம் அது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு ஜித்தாவை நோக்கிப் புறப்பட்டிருந்தது. இடையே கட்டுநாயக்காவில் இறங்குவது திட்டம். யாத்திரிகர் 182 பேரும், விமான ஊழியர் 9 பேருமாக 191 பேரும் மாண்டனர், ஒருவரேனும் பிழைக்கவில்லை. அவ்விமானத்தின் சக்கரமொன்று இன்றும் நோட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக இருக்கிறது.

விசாரணையில் காரணமாகக் கூறப்பட்டது இயந்திரக் கோளாறன்று. விமானிகள் தாம் இருக்கும் இடத்தைப் பிழையாக அறிந்தனர். விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி, கீழிறங்குவதால் ஆபத்தில்லை என முடிவு செய்தனர். அவர்கள் நம்பியிருந்த டொப்ளர் கருவியும் வானிலை ராடரும் காட்டியவற்றைத் தவறாகப் பொருள்கொள்ள இடமிருந்தது. உண்மையில் கட்டுநாயக்கா அவர்களுக்கு முன்னே ஏறத்தாழ 75 கிலோமீற்றர் தொலைவில் இருந்தது. இடையில் நின்றது மலை.

இவ்விபத்து வானத்தில் நேர்ந்த பிழையின் விளைவு. எனினும் அது எழுப்பும் வினா, விமானம் தரையில் நிற்கும்போதே எழவேண்டிய வினாவாகும். தேர்ந்த அறிவும் நெடுநாட் பழக்கமும் உடையவர், தாம் அறிந்ததாக எண்ணுவது மெய்தானா என்பதை எவ்வாறு சோதிப்பது? விமானப் பயணத்தின் வரலாறு, ஒருவகையில், இவ்வினாவுக்கு விடைதேடிய வரலாறே ஆகும்.

அவ்வரலாற்றின் முதல் ஏடு 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஐக்கிய அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்தில் எழுதப்பட்டது. போயிங் நிறுவனம் அமைத்த நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானமொன்று இராணுவ அதிகாரிகள் முன்னிலையில் பரீட்சைக்காகப் பறந்தது. மேலெழுந்த சிறுபொழுதில் அது நிலைகுலைந்து வீழ்ந்து தீப்பற்றியது. செலுத்திய மேஜர் ஹில் அனுபவம் முதிர்ந்த விமானி. நிகழ்ந்தது யாதெனில், விமானம் தரையில் நிற்கும்போது அதன் வாற்பகுதித் தகடுகள் காற்றில் அசையாதிருக்கப் பூட்டிவைக்கும் பூட்டு, பறக்குமுன் திறக்கப்படவில்லை. ஹில்லும், போயிங் நிறுவனத்தின் விமானியான டவரும் அவ்விபத்தில் உயிரிழந்தனர்.

அவ்விமானம் மனிதனின் ஞாபக சக்திக்கு மிஞ்சியது என்ற பேச்சு எழுந்தது. ஆயின் விமானிகள் ஞாபகத்தைக் குறைகூறிக் கொண்டிருக்கவில்லை. ஞாபகத்தை நம்பாதிருக்கும் வழியைக் கண்டனர். புறப்படுமுன் செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் சோதனைப் பட்டியலே அவ்வழி. அதன்பின் அதே வகை விமானங்கள் பன்னீராயிரத்துக்கும் மேல் செய்யப்பட்டன. இன்று உலகெங்கும் எந்தப் பயணிகள் விமானமும் பட்டியலைப் படியாமல் புறப்படுவதில்லை.

பட்டியல் இருந்துவிட்டால் மாத்திரம் போதுமா? போதாது என்பதை 1983ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் காட்டியது. எயார் கனடா நிறுவனத்தின் புதிய போயிங் 767 விமானம் மொன்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட ஆயத்தமாயிற்று. எரிபொருளின் அளவைக் காட்டும் கருவி பழுதாயிருந்தது. எனவே தாங்கியின் ஆழத்தை அளந்து, லீற்றரைக் கிலோவாக மாற்றிக் கணக்கிட்டனர். அப்போது கனடா பழைய அளவையிலிருந்து மெற்றிக் அளவைக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு லீற்றர் எரிபொருளின் எடை ஏறத்தாழ 0.8 கிலோ, றாத்தலிற் சொன்னால் 1.77. கணக்கிட்டவர்கள் 1.77 என்ற எண்ணைக் கிலோவுக்குரியதென்று கொண்டனர். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் 22,300 றாத்தலே, அதாவது பாதிக்கும் குறைவே, இருந்தது.

கொழுந்து நிறுத்துக் கூலி பெறும் தோட்ட மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இங்கும் றாத்தல் போய்க் கிலோ வந்தது. தராசு பொய் சொல்லாதிருக்கலாம். படிக்கும் அளவு மாறினால் கணக்கு முழுவதும் மாறிவிடும். கனடாவில் கணக்கு ஒரு முறையன்றிப் பல முறை சரிபார்க்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் அதே தவறான எண்ணைக் கொண்டே பார்த்ததால், தவறு உறுதிப்பட்டதே தவிர வெளிப்படவில்லை. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்தது. விமானி பியர்சன் இயந்திரம் இயங்காத அவ்விமானத்தைப் பருந்துபோல் மிதக்கவிட்டு, கிம்லி என்னுமிடத்திலிருந்த பழைய விமானத் தளத்தில் இறக்கினார். உள்ளிருந்த 69 பேரும் உயிர்தப்பினர்.

இன்னுமொன்று உண்டு. ஆயத்தம் செய்தவர் ஒருவர், அதை மாற்றியவர் வேறொருவர் என்றால் என்ன ஆகும்? 1979ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள், எயார் நியூசிலாந்து நிறுவனத்தின் விமானம் அந்தாட்டிக்காவைச் சுற்றிப்பார்க்கும் பயணிகளுடன் புறப்பட்டது. விமானிகளுக்குச் சில நாட்களுக்கு முன்னர் விளக்கப்பட்ட பாதை, திறந்த கடற்பரப்பின்மேற் செல்வது. புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் நிறுவனத்தின் கணனியில் அப்பாதையின் ஆயங்கள் திருத்தப்பட்டன, விமானிகளுக்கு அறிவிக்கப்படவில்லை. புதிய பாதை எரபஸ் என்னும் எரிமலைக்கு நேராகச் சென்றது. வெண்பனியும் வெண்முகிலும் ஒன்றாய்த் தோன்றிய வெளியில் மலை கண்ணுக்குப் புலப்படவில்லை. 257 பேர் இறந்தனர்.

முதலாவது அறிக்கை விமானிகளையே குற்றஞ்சாட்டியது. 1981இல் நீதிபதி மாகன் தலைமையிலான ஆணைக்குழு, அறிவிக்காமற் செய்த மாற்றமே பிரதான காரணமெனக் கூறியது. விவாதம் பல்லாண்டு நீடித்தது. நாற்பதாம் ஆண்டு நினைவுநாளாகிய 2019 நவம்பர் 28இல் நியூசிலாந்துப் பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இறந்துபோன விமானி எழுந்துவந்து தம் பக்க நியாயத்தைச் சொல்ல இயலாது. ஆகையால் பழி அவர் தலையில் எளிதாகச் சென்று அமர்கிறது. மனிதத் தவறு என்னும் சொல், செலுத்தியவரின் தவறு என்று மட்டும் சுருங்கிவிடுமாயின், மற்றவர் தவறுகள் மறைந்தே இருந்து அடுத்த பயணத்துக்குக் காத்திருக்கும்.

இவையனைத்தையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. மறந்தவரும், தவறாகப் பெருக்கியவரும், அறிவிக்காதவரும் அறிவிலிகள் அல்லர். தம் தொழிலில் தேர்ந்தவர்களே. பழக்கம் தந்த துணிவே அவர்கள் கண்ணை மறைத்தது. இதனை உணர்ந்த விமானத் துறை, 1970களின் இறுதி தொடக்கம் மற்றொரு பயிற்சியையும் மேற்கொண்டது. மூத்த விமானி தவறுவதாக ஐயுறின், இளையவர் அஞ்சாது கேட்க வேண்டும். மூத்தவரும் அதை அவமதிப்பாகக் கொள்ளாது செவிமடுக்க வேண்டும் என்பதே அப்பயிற்சி.

பட்டியல் ஞாபகத்துக்குத் துணை. கேள்வி பட்டியலுக்குத் துணை. கொழுந்து நிறுக்குமிடத்தில் கணக்கப்பிள்ளை எடையை உரக்கச் சொல்வதும், பறித்தவள் அதைக் கேட்டு, ஐயமிருப்பின் மறுபடி நிறுக்கச் சொல்வதும் இத்தகைய ஒழுங்கே. கேட்பதற்கு அவளுக்கு உரிமை இருக்கும்வரையில்தான் அந்தக் கணக்கு நம்பத்தக்கது. வானிற் பறப்பதற்கும் விதி அதுவே.